மஞ்சள் கொடிக்கு ஆள் சேர்ப்பவர்

“மணிக்கூண்டுல ஏறினா மூட்டு போயிடும். சிவப்புக் கொடிக்காரர் பாட்டுப் பாடியே கொன்னுடுவாராம். இந்த மஞ்சள் கொடி எப்படியிருக்கும்னு தெரியலையே!” என்று, ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நடைகளைப் பட்டியலிட்ட சதுக்கத்து அறிவிப்புப் பலகை முன்னால் நின்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருக்கிறார் தையல்காரம்மா. தனக்குத்தானே என்பதெல்லாம் பேருக்குத்தான். பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கும் அது கேட்டாக வேண்டும்.

தலையில் வெயில் தொப்பி, தோளில் பெரிய பை, கையில் மடித்த வரைபடம். பழைய கட்டடங்களைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர் என்று யாரும் நம்பிவிடுவார்கள், கழுத்தில் அளவு நாடா தொங்காமல் இருந்தால். கடையிலிருந்து ஓடிவருகிற அவசரத்தில் அதைக் கழற்ற மறந்துவிடுவார். ஒருநாள் நான் ஜாடை காட்டியதும் சட்டென்று உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பழக்கம். என் அலுவலகம் சதுக்கத்தைப் பார்த்த மாடியில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தொட்டுக்கொள்ள இவருடைய நடிப்பு.

அவர் கடை பின்சந்தில். புதுத்துணி தைப்பதில்லை. இறுக்குவது, தளர்த்துவது, கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். ஆளை எடைபோடுகிற வித்தையும் அங்கே வந்ததுதான். “அதோ நிக்கிறாரே, ரெண்டு சைஸ் பெரிய கோட்டு. அவரா ஒரு முடிவுக்கு வரமாட்டாரு தம்பி. பக்கத்து ஆளு எங்க போறாரோ அங்க போவாரு” என்று என் காதில் போடுவார். பிறகு பலகையைப் பார்த்து, “சரி, மஞ்சளுக்கே போவோம்” என்று உரக்கச் சொல்லிவிட்டு நடப்பார். கோட்டும் பின்னாலேயே போகும். டிக்கெட் எதுவும் கிடையாது, நடை முடிந்ததும் பிடித்ததைக் கொடுக்கலாம் என்பதால் இந்த நாடகத்துக்கு ஒரு தடையும் இல்லை.

மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவருடைய வீட்டுக்காரர். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். பல மாதம் வீட்டில் கிடந்த பிறகு, இந்தப் பருவம் முடியும்வரை பார்க்கலாம் என்று சொல்லிச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டது. ஐந்து பேராவது சேராவிட்டால் அன்றைக்கு நடை இல்லை. மனிதரோ கொடியைக்கூடக் கூச்சத்தோடுதான் தூக்குவார். கூவி ஆள் சேர்ப்பதெல்லாம் அவரால் ஆகாத காரியம்.

“வேலை போனப்ப செய்தித்தாள்ல இருக்கற தப்பையெல்லாம் வட்டம் போட்டுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தாரு. திரும்ப அப்படி உக்காந்தா என்னால பாக்க முடியாது தம்பி” என்றார் ஒருநாள்.

“நீங்கதான் ஆள் சேர்க்கறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? வராதேன்னுதான் சொல்றாரு. சதுக்கம் என்ன அவங்கப்பா கட்டி வெச்சதா?”

இத்தனை செய்கிறவர், கணவர் பேசி ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. கூட்டம் கிளம்பியதும் முதல் வளைவுக்கடியில் நழுவி, சந்து வழியாகக் கடைக்கு ஓடிவிடுவார். வேலை கிடக்கிறது என்பார். பாதி உண்மை. “வீட்ல அவர் ‘இன்னிக்கு’ன்னு ஆரம்பிப்பாரு. நான் ‘மழை வரும், குடை எடுத்துக்குங்க’ன்னு முடிச்சிடுவேன். அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிடும். அங்க நின்னுட்டாருன்னா யார் எடுத்துக் குடுப்பா? பத்துப் பேர் முன்னால அவர் முழிக்கறத நான் பாக்கணுமா?” மீதி உண்மை இதுதான்.

போன வாரம் நழுவ முடியாமல் போயிற்று. தூறல். சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. பார்த்து வைத்த மாதிரி அன்றைக்குத்தான் கம்பெனியின் மேற்பார்வையாளர் அம்மாள் வந்து நின்றார். நடை முழுக்கக் கூடவே வந்து கேட்டுவிட்டு, வீட்டுக்காரரை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்லப்போகிறார். தையல்காரம்மா தலைகீழாக நின்று பார்த்தும் மூன்று பேர்தான் சிக்கினார்கள். நேராக என்னிடம் வந்தார். “தம்பி, சாப்பிட்டது போதும், எழுந்திருங்க.” மறுபேச்சுப் பேசாமல் எழுந்துவிட்டேன். என்னையும் அவரையும் சேர்த்து ஐந்து.

வளைவு வந்தது. தையல்காரம்மாவின் கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பியது. மேற்பார்வையாளர் அம்மாளின் கண் தலைகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கூட்டத்தோடு வந்தார். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. கணவர் மாடி வீடொன்றின் முன்னால் நின்று, செங்கல் வைத்து அடைத்திருந்த ஜன்னலைக் கொடியால் காட்டினார்.

“அந்தக் காலத்துல சதுக்கமே தெரியற ஜன்னல் இது ஒண்ணுதான். இதை அடைக்கச் சொன்னது அரசாங்கம் இல்ல. இந்த வீட்டம்மாதான். ஒருநாள் காலைல ஜன்னலைத் திறந்தவங்க, கீழ எதையோ பார்த்தாங்க. அப்படியே மூடிட்டு, கொத்தனாரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவங்க பார்த்தது...”

நின்றுவிட்டார். தையல்காரம்மாவின் கை பை வாரை இறுகப் பிடித்தது. உதடு பிரிந்துவிட்டது. ஆனால் எடுத்துக் கொடுக்க அவரிடம் வார்த்தை இல்லை. இந்தக் கதையை அவர் கேட்டதே இல்லையே. கணவர் முழிக்கவில்லை. நிதானமாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறலில் யாரும் அசையவில்லை. மேற்பார்வையாளர் அம்மாள்கூடக் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு அண்ணாந்து நின்றார்.

தையல்காரம்மா, முன்னால் மறைத்துக்கொண்டிருந்த உயரமான மனிதரை முழங்கையால் நகர்த்திவிட்டு, தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஓரடி முன்னால் வந்து நின்றார்.