மூன்றாவது கழுதை

ஊர்காவற்றுறையில் வள்ளம் செய்பவன் நான். மரத்தைக் கண்டால் என் கை தானாகவே உளியைத் தேடும். அப்படிப்பட்டவனை ஒரு கழுதை மூன்று வருடம் ஆட்டிவைத்தது.

எங்கள் கோயிலில் நத்தாருக்கு வைக்கும் இயேசு பாலன் குடிலில் மாடும் ஆடுகளும் நான் பூவரசில் செதுக்கியவை. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைத்தான் அவற்றுக்குப் பூசினேன். கழுதை மட்டும் சரிவரவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள்; எனக்குக் கழுதையையே தெரியாது. எங்கள் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது? படத்தைப் பார்த்துச் செதுக்கினேன். முதல் வருடம் நாய் என்றார்கள். இரண்டாம் வருடம் காது முளைத்த கதிரை, ஏறி உட்காரலாம் என்றார்கள். குடில் சோடிக்கும் என் அக்காதான் அதிகம் சிரித்தவர். போன ஐப்பசியில் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, இந்த முறையும் சரிவராட்டி எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, கொழும்பிலை பிளாஸ்டர் செற் வாங்கிறதுதான்."

எல்லாத்தையும் என்றது எனக்குச் சுட்டது. மாடும் ஆடும் என்ன பாவம் செய்தன? வாங்கித்தான் பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

அடுத்த நாளே குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். கழுதை இல்லாவிட்டால் என்ன, அதற்கு இனசனமான குதிரை அங்கே வெளியில் மேய்கிறதே. வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒரு குதிரை பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றி, பாரத்தை மற்ற மூன்று காலிலும் விட்டு நின்றது. அப்போதுதான் என் பிழை பிடிபட்டது. எதையும் சமமாக நிறுத்திப் பழகிய வள்ளக்காரன் புத்தி, நாலு காலையும் நேராக நட்டுவைத்திருந்தேன். கதிரை என்றவர்களைக் குறை சொல்ல ஏலாது.

கார்த்திகை முழுவதும் பூவரசங்குற்றியோடு மல்லுக்கட்டினேன். ஒன்றில் கால் முறிந்தது. விடுவேனா, இன்னொன்றை எடுத்தேன். காதை நீட்டினேன், பின்னங்காலைத் தளர்த்தினேன், கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பூசினேன்.

குடிலில் கொண்டுபோய் வைத்தபோது அக்கா சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், பிள்ளைத்தாச்சி மாதாவைச் சுமந்துகொண்டு வந்ததெல்லே. களைச்சுப்போச்சுது."

மாட்டின் முன்னால் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளி, கழுதையின் வாயடியில் போட்டார்.