நகல் ஆகாத நண்டுக் குழம்பு

சென்ற சனிக்கிழமை என் காரின் முன்சீட்டில் ஒரு கணினியை உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, ஈப்போவிலிருந்து பாகான் டத்தோ வரை ஓட்டிப் போனேன்.

சிரிக்காதீர்கள். மடிக்கணினி இல்லை. மேசைக் கணினி. மானிட்டர் பின்சீட்டில், போர்வைக்குள். வழியில் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட நிறுத்தியபோது பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, “ரிப்பேரா அக்கா?” என்று கேட்டார்.

“இல்ல தம்பி, குடும்பப் பிரச்சினை” என்றேன்.

உண்மைதான்!

என் அக்கா கமலம் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறாள். அவள் நண்டுக் குழம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, இணையத் தொலைக்காட்சிக்காரர்கள் சிலர் கேமராவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நண்டு உடைத்தாள். சமையல் நிகழ்ச்சி அவர்களுடைய ஆப்பில் வெளியானது. சொந்தபந்தம் எல்லாம் பார்த்தது. பார்க்காதவர்கள் இருவர் மட்டுமே... அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும். தோப்புக்குள் லைன் கிடையாது. ஒரு போன் பேசவே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போக வேண்டும்.

அந்த முச்சந்தியில் மாமா நின்றிருந்தபோதுதான் செமோரிலிருந்து அவர் தம்பி கூப்பிட்டார்.

“என்னா அண்ணே, ஒங்களுக்கு ருசியே தெரியாதுன்னு அண்ணி டிவியில சொல்லிட்டாங்க!”

முடிந்தது கதை. மாமா வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் அக்கா முச்சந்திக்கு நடந்தே வந்து எனக்குப் போன் போட்டாள்.

“பாப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்ல லா! அவரு நம்ப மாட்டேங்குறாரு. கடையில சோத்தக் கட்டி தாப்பாவ் பண்ணிக்கிட்டு வந்து என் முன்னாலயே பிரிச்சுச் சாப்புடுறாரு!”

சமைத்துப் பழகிய ஒருத்தியை இதைவிட மோசமாக அவமானப்படுத்த முடியுமா? எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது.

உடனே நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாள்! கேமராவைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பேசுகிற வேகத்தில் வந்து விழுந்தது, அவளுக்கே நினைவில்லை. ஆனால், அவள் சொல்லும் அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அதை மாமா தன் கண்ணால் பார்த்தால் போதும், சண்டை தீரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே வாயால் சொல்லலாம்தான். தங்கச்சி அக்காவுக்குத்தான் பேசுவாள் என்பாரே!

மாமா முச்சந்திக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். “ஈப்போவுக்கு வாங்க மாமா, என் வீட்டுல பாக்கலாம்.”

“அவ என்னைய ஏசுனதக் கேக்குறதுக்கு நான் ஈப்போ வரைக்கும் எண்ணெ ஊத்திக்கிட்டு வரணுமா?”

நியாயமான கேள்வி. கைப்பேசியில் காட்டலாம் என்றால், அவருக்குக் கண்ணில் புரை. அந்தச் சின்னத் திரையில் மனிதர்கள் எறும்பு மாதிரிதான் தெரிவார்கள்.

எனக்கா வழி தெரியாது? என் மேசைக் கணினியில் இருக்கும் ஆப்பில் ‘டவுன்லோடு’ என்று பொத்தானே இருக்கிறது. அமுக்கினேன். இறங்கியது. ஃபைலைத் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் ஏற்றினேன். அக்கா வீட்டில் மகள் விட்டுப்போன மடிக்கணினி ஒன்று இருக்கிறது, அதில் போட்டுக் காட்டினால் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய், இருவரையும் உட்கார வைத்து, பென்டிரைவைச் செருகினேன்.

‘இந்த ஃபைலைத் திறக்க முடியாது.’

மறுபடியும் செருகினேன். மறுபடியும் அதே பதில். மாமா எழுந்துவிட்டார்.

“நான் அப்பவே நெனச்சேன். அக்காளும் தங்கச்சியும் சேந்துக்கிட்டு மறைக்கிறீங்க.”

அக்கா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போனதை நான் பார்த்தேன். தீர்க்க வந்த நானே சண்டையைப் பெரிதாக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டவுன்லோடு செய்தது நம்முடையது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இல்லையா? கிடையாது. எந்தக் கணினியில் இறக்கினோமோ, அந்தக் கணினியில், அந்த ஆப்பில் மட்டும்தான் அது ஓடும். சாப்பாட்டைக் கட்டியும் கொடுத்துவிட்டு, இங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்கிற கடை மாதிரி!

சரி, அந்த மடிக்கணினியிலேயே ஆப்பைப் போட்டு இறக்கலாமே? அதையும் கையோடு ஈப்போவுக்குக் கொண்டுவந்திருந்தேன். அது ரொம்பப் பழசு. ஆப் ஏறவே மறுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அந்த ஃபைலின் பூட்டை உடைக்கும் சாஃப்ட்வேர் தன்னிடம் இருப்பதாகக் கண்ணடித்தார். வேண்டாம் என்றேன். பத்திரிகையில் நான் எழுதும் பத்திகள் என் பெயரே இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்து வயிறெரிகிறவள் நான். அடுத்தவர் பூட்டை நான் உடைக்கலாமா?

இதற்கிடையே, அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு நிகழ்ச்சி நீக்கப்படும், இறக்கி வைத்ததும் ஓடாது என்று ஆப்பிலேயே போட்டுவிட்டார்கள். அதன் பிறகு மாமா எதைப் பார்த்து நம்புவார்? யோசித்தேன். ஃபைல்தானே நகராது? கணினி நகருமே!

இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு முழு நிகழ்ச்சியையும் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. அப்புறம்தான் ஒயர்களைக் கழற்றினேன்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் மாட்டினேன். மாமா ரொம்ப யோசித்து, தள்ளியே உட்கார்ந்தார். முகம் சுவர்ப்பக்கம். நிகழ்ச்சி ஓடியது. திரையில் பட்டுச்சேலையோடு அக்கா கையிலிருந்த கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கு ருசியே தெரியாதுங்க. எதப் போட்டாலும் திம்பாரு.”

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் வெளுத்துப் போனது.

“ஐயோ... சொல்லித்தான் இருக்கேன்” என்றாள் மெதுவாக. “என்னாங்க, நெசமா எனக்கு ஞாபகமில்லீங்க.”

“பாத்தியா?” என்று மாமா எழுந்தார்.

“உக்காருங்க மாமா. அக்காவ விடுங்க, அவளுக்குப் பின்னால பாருங்க.” கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடியும் ஓட்டினேன்.

மாமா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். படத்தில், அக்காவின் தோளுக்குப் பின்னால், பனியன் போட்ட ஒருவர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். கண் மூடியிருக்கிறது. காலைப் போட்டுவிட்டுச் சட்டியையே பக்கத்தில் இழுக்கிறார். கரண்டியைத் தேடுகிறார். கிடைக்கவில்லை. சட்டியைச் சாய்த்துச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்!

“யாரு இது?”

“நீங்கதான் மாமா.”

“இன்னொரு தடவ போடு.”

போட்டேன். கேட்கும் போதெல்லாம் போட்டேன். அக்காவால் முதலில் சிரிப்பை அடக்க முடிந்தது, அப்புறம் முடியவில்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கேஸ் நடத்துகிற வக்கீல் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

“அன்னிக்குப் புளி கொஞ்சம் கம்மி. ருசி தெரியாமலா சொல்றேன்?”

“அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்ல?” என்றாள் அக்கா.

“சொல்லலாம்னுதான் பாத்தேன்... வாய் எங்க சும்மா இருந்துச்சு?”

அக்கா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று மதியம் அந்த வீட்டில் யாரும் தாப்பாவ் சாப்பிடவில்லை. புளி, என் நாக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.