டோரத்தி ஆன்ட்டியின் சாதகம்

பிளானோ நகரத்து சலூனில் என் மிச்சசொச்ச முடிக்கு ஹேர் ஸ்ப்ரே அடித்தார்கள்; அந்த வாசனையில், இன்று பார்க்கிங் லாட்டாகிவிட்ட பக்கத்து ஊரான இர்விங்கில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டும் பக்கத்து வீட்டு டோரத்தி ஆன்ட்டியும் திரும்பி வந்தார்கள்.

ஒரு காலத்தில் ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த பாடகி; ராக் இசை வந்தபின் யாருமே கூப்பிடாத போனுக்குப் பக்கத்தில், ஸ்ப்ரே அடித்து நிறுத்திய கொண்டையோடு தினமும் உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் தெரியாத அம்மா, எங்கள் கொலுவுக்கு வருகிற எல்லாரையும் கேட்பதுபோல் அவரையும் கேட்டாள்: "டோரத்தி, ஒன் சாங் ப்ளீஸ். வெட்கப்படாம பாடுங்கோ!"

பாடினார். உச்சத்தில் குரல் உடைந்தது.

"பேஷ்! நெக்ஸ்ட் இயரும் வரணும்," என்று அம்மா சுண்டலை நீட்டினாள்.

அதன்பின் தினமும் ஆன்ட்டி சாதகம் செய்யும் குரல், சுவரைத் தாண்டி என் ஹோம்வொர்க் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆகஸ்டில் ஒருநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த நவராத்திரிக்கு வந்த யாரையும் அம்மா பாடச் சொல்லவில்லை.