நடுக்கடல் பார்

எங்கள் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல். தோணியை நடத்திக்கொண்டு போகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். வெங்காயம், வத்தல், ஓடு எல்லாம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். திரும்பும்போது வீட்டுக்குத் தேயிலை வரும். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு மூப்பராக இருந்தவர் அவருடைய சிநேகிதர். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான்.

நம்ம வெங்காயம் போகாவிட்டால் அந்த ஊரில் குழம்பு கொதிக்காது என்பார் அப்பா. அது முழுக்க உண்மையில்லை. அங்கேயே வெங்காயம் போடச் சொல்லி அவர்கள் சர்க்கார் நம்முடையதை நிறுத்திய வருஷங்களும் உண்டு. அப்போது தோணி சும்மா கிடக்கும். சரக்குக் கிட்டங்கியில் வெங்காயம் பொறுக்குகிற எனக்கும் வேலை இருக்காது.

மாதா கோயில் திருவிழாவுக்கு ஞானத்தகப்பன் ஒரு தடவை வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“உங்கட வெங்காயத்தை உரிச்சா ஒருத்தனுக்கும் கண்ணீர் வராது தண்டல். எங்கட வெங்காயத்துக்கு ஊரே அழும்.”

“அழாம என்ன செய்வான்? வெலையக் கேட்டாம்லா.”

அடுத்தது பார். சிப்பி ஒட்டிக் கிடக்கிற கல்தரையைப் பார் என்போம். வடக்கே நடுக்கடலில் ஒன்று உண்டு. அது எந்தக் கரைக்குச் சேர்ந்தது என்று இரண்டு பேருக்கும் இருபது வருஷமாக வழக்கு.

“எங்க பாட்டன் மூச்சடக்கி முங்குன பாருவே அது.”

“முங்கினது உங்கட பாட்டன். சிப்பி பிறந்தது எங்கட கரையில.”

“அப்பம் கூப்பிட்டுப் பாரும். ஒம்ம பின்னால வருதான்னு பாப்போம்.”

“சோறு ஆறுது, பாரைப் பங்கு வச்சிட்டு மெதுவா சாப்பிடுங்க” என்றாள் அம்மா. அந்தப் பாரில் ஒரு முத்துகூட இரண்டு பேரும் கண்டதில்லை.

பிறகு இரண்டு சர்க்காரும் பேசி வைத்துக் கடலில் கோடு போட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம், எமர்ஜென்சி முடிந்த வருஷம், சீசனின் கடைசி நடையில் அப்பா போனார். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முந்திக்கொண்டு அடித்து, தோணியை வடகிழக்கே தள்ளிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரத்தில் பாய் கட்டியிருந்த மரம் சட்டென்று திரும்பி அப்பாவைக் கடலில் தட்டியது. மறுநாள் மத்தியானம் வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள். சுக்கான் பிடிக்கிற மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, கடலடி என்னவென்று தெரிய ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தார். குண்டின் அடியில் தடவிய மெழுகில் சிப்பித்தூள் ஒட்டி வந்தது. அதே பார்.

உடல் கிடைக்கவில்லை. கோயிலில் துக்க மணி அடிக்க முடியாது என்றார் சாமியார். முன்பு ஒருத்தருக்கு மணி அடித்துப் பூசையும் வைத்த பிறகு, வேறு கப்பலில் ஏறித் தப்பித்தவர் ஒரு மாதத்தில் நடந்து வந்துவிட்டாராம். அதிலிருந்து, கடலில் காணாமல் போனவர்களுக்கு, இறந்தது நிஜம் என்று சர்க்கார் கடுதாசி வேண்டும். மணி அடிக்காத வீட்டுக்கு எங்கள் தெருவில் யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள். அம்மா தாலியைக் கழற்றவில்லை. அப்பாவுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார் இங்கே துறைமுகத்தில் இருந்த ஆபீசர். கடல் படத்தை விரித்து, மாமா சொன்ன இடத்தில் விரலை வைத்தார்.

“இது கோட்டுக்கு அந்தப் பக்கம்மா. அவங்கதான் எழுதித் தரணும்.”

வெளியே வந்ததும் மாமா வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

“கொழும்பு போய்ச் சேந்ததும் அங்க ஆபீசுலயும் கேட்டான் ளா. யார் கடல்னு.”

“என்ன சொன்னிய?” என்றேன்.

“எங்க பாருன்னு சொல்லிட்டேன். அந்த ஊர்க்காரன் கேட்டா வேற என்ன சொல்லுவேன்? இருவது வருசமா வாயில வாரது அதானே. அவன் எழுதி மூடுன பொறவுதான் எனக்கு ஒறைச்சுது.”

அதனால் அங்கே அது இந்தியாவில் நடந்த சாவு. இங்கே இலங்கையில் நடந்த சாவு. எங்கள் வீட்டில் சாவே நடக்கவில்லை.

சீசன் மறுபடி தொடங்குவதற்கு முன்னால் மாமா வீட்டுக்கு வந்தபோது கேட்டேன்.

“மாமா, இந்த நடை போயி, அது அவுக பாருன்னு சொல்லிருங்க.”

“ஏளா, ஒங்கப்பன் கேட்டா என்னையத் தூக்கிக் கடல்ல போட்ருவாரு.”

“கேக்கதுக்கு அவுக இருந்தா நான் எதுக்கு மாமா ஒங்கள்ட்ட கேக்கேன்?”

அப்பா இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்துபோனேன். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“போயிட்டு வாடே” என்றாள் மாமாவிடம். “அந்தப் பாரைக் குடுத்துட்டு வா.”

மாமா போனார். ஞானத்தகப்பன்தான் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போய், சிங்களத்தில் எடுத்துச் சொல்லி, சாட்சிக் கையெழுத்தும் போட்டாராம். “முந்தி சொன்னது தப்பு, அது உங்க பார்தான்” என்று மாமா சொன்னபோது, ஞானத்தகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சிங்களத்தில் சொன்னாராம்.

கடுதாசியோடு எனக்கு அவர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. “மகள், இது கடுதாசிக்காகச் சொன்னது. வழக்கு முடியேல்ல. தண்டல் இல்லாத இடத்தில நான் வெல்லமாட்டேன்.”

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கடுதாசியில் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி அப்பா பெயரை மட்டும் கண்டுபிடித்தேன். மற்றதைச் சாமியார் வாசித்தார். “இறந்த இடம், இலங்கைக் கடல்” என்று நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

“எந்தக் கடலா இருந்தா என்ன சாமி” என்றாள் அம்மா. “மணிய அடிங்க.”

நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் மணி கேட்டது. அம்மா பாயை விரித்து உட்கார்ந்தாள். முதலில் எதிர்வீட்டுக்காரி வந்தாள். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஐந்து மாதமாக என்ன பேசுவதென்று தெரியாமல் எங்கள் வாசலைத் தலைகுனிந்து தாண்டிப் போனவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார்கள். நான் அப்பா கொண்டுவந்ததில் மிச்சம் இருந்த தேயிலையெல்லாம் போட்டு எல்லோருக்கும் கடுங்காப்பி போல அடர்த்தியாகத் தேயிலைத் தண்ணி வைத்தேன்.