எச்சில் வாளியைப் பார்த்தால் தெரியும்

பாறசாலைக்குப் பக்கத்தில் ரோட்டோரச் சாப்பாட்டு ஹோட்டல் ஒன்றில் இருபது வருஷம் அடுப்படியில் நின்றவள் நான். ஒரு திங்கட்கிழமை முதலாளி செல்வதாஸ் உள்ளே வந்தான்.

“அம்மச்சி, ஒனக்க கைருசி போச்சு. ஆளு வரல்ல. சனிக்கெழமயோட நின்னுக்கோ. ஃப்ரைட் ரைஸ் மாஸ்டர் ஒருத்தன் வாறான்.”

“கை இங்கதான் இருக்கு மக்கா. ருசி எங்க போச்சுன்னு தேடிப் பாக்கேன்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பில்லை. இந்த வயதில் வேறு அடுப்பு யார் தருவார்?

தேட வேண்டிய இடம் பின்வாசல். அங்கேதான் எச்சில் வாளி இருக்கும். வெள்ளறடையில் பன்றி வளர்க்கிற சேவியர் தினமும் மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து எடுத்துப்போவான். ஒரு வாளியாக இருந்தது ரெண்டு மாதத்தில் மூன்று வாளியாகியிருந்தது. அவனுக்கு ஏக சந்தோஷம்.

“அம்மச்சி, இந்த ரோட்டில ஒங்க ஹோட்டல்தான் டாப்பாக்கும்! எனக்க பன்னியெல்லாம் கொழுத்துப் போச்சு.”

“எலே, என்னத்தத் தின்னு கொழுத்துது?”

“அள்ள அள்ள வெள்ளச் சோறு. மீனுதான் ஒரு துண்டுகூடக் கிட்டல்ல.”

அங்கேதான் பிடித்தேன். மீன்கறி என் கை. அது மிஞ்சவில்லை, சோறுதான் மிஞ்சியது. எங்கள் பக்கத்தில் இலை போட்டதும் சப்ளையர் கேட்கிற முதல் கேள்வி, “சம்பாவா, வெள்ளையா?” உள்ளூர்க்காரருக்குச் சிவப்புச் சம்பாச் சோறு வேண்டும், திருநெல்வேலி லாரிக்காரருக்கு வெள்ளைச் சோறு. ரெண்டு பானை எதற்கு, கேஸ் மிச்சம் என்று ரெண்டு மாதத்துக்கு முன்னால் செல்வதாஸ் சம்பாவை நிறுத்தினான். சப்ளையரும் கேட்பதை விட்டான். ஒரு பானை கழுவுவது குறைந்ததே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

வியாழக்கிழமை சேவியரை முன்வாசல் வழியாகக் கூட்டிவந்து கல்லாவுக்கு எதிரே நிறுத்தினேன்.

“மொதலாளி, நமக்கு முடங்காம வாற ஒரே கஸ்டமர் இவனாக்கும். கைருசி எப்பிடின்னு இவன்ட்ட கேளு.”

சேவியர் மீனையும் சோற்றையும் பற்றிப் பெருமையாகச் சொன்னான். செல்வதாஸ் எழுந்துபோய் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். விளிம்புவரை வெள்ளைச் சோறு. மூக்கைப் பிடித்துக்கொண்டே திரும்பிவந்தான்.

“சம்பாப் பானைய எடுத்து வை அம்மச்சி.”

மாஸ்டருக்கும் வரவேண்டாம் என்று போன் போனது. கல்லாவில் இருப்பவனுக்கு வந்த ஆளின் தலை தெரியும். அந்த ஆள் எதை ஒதுக்கினான் என்பது வாளிக்குத்தான் தெரியும். ஹோட்டல் வைக்கிற பிள்ளைகளே, தினமும் ஒருதரமாவது பின்வாசலுக்குப் போங்கள்.

ஆள் திரும்பிவர ஒரு மாதம் ஆனது. மூன்று வாளி மறுபடி ஒன்றானது. சேவியர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

“பன்னி வயித்தில அடிச்சிட்டியே அம்மச்சி!”

“வருத்தப்படாத மக்கா. எதுத்தாப்பில புதுசா ஒரு ஹோட்டலு தொறந்திருக்கான். மெனு கார்டு எட்டுப் பக்கம் உண்டு, திங்க ஆளு நாலுபேரு. இப்பவே போயி வாளிய வச்சிட்டு வா.”