யாருக்கும் சொந்தமில்லாத பால் டின்

மலாயா சுதந்திரம் அடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தைய நாள், எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தார்.

"நாடு நம்ம கைக்கு வந்தாச்சு. இனிமே பாலம் கட்ட வெள்ளக்காரன் வருவான்னு வாயப் பொளந்துகிட்டு ஒக்காந்திருக்க முடியாது. நீங்கதான் இஞ்சினியர். வீட்ல கெடக்குற சாமான வச்சு, ஒரு காசு செலவில்லாம, நாலு பேருக்கு ஒதவுற மாதிரி ஒரு மெஷின் செஞ்சு வைங்க. பள்ளிக்கூடம் தொறந்ததும் நானே வீடு வீடா வந்து பாப்பேன்."

நான் நான்காம் வகுப்பு, அண்ணன் ஐந்தாம் வகுப்பு. அன்று சாயங்காலமே அண்ணன் தன்னை இஞ்சினியராக நியமித்துக்கொண்டான். என்னைக் கூலியாளாக நியமித்ததும் அவன்தான். அந்த மெஷின் தன் மூளையில் உதித்தது என்று இன்றுவரை பேரப்பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருக்கிறான். ஜனவரியில் வாத்தியார் வந்து பார்த்தபோதும் அவன் முதுகில்தான் தட்டினார். என் முதுகைத் தட்ட ஒருவரும் இல்லை. ஆகவே உண்மையை நானே எழுதிவைக்கிறேன். யோசனை என்னுடையது. ஏனென்றால் முழங்கால்வரை நனைந்துகொண்டிருந்தது நான்.

மலாக்கா ஊரில், காஜா பேராங் பகுதியில் எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. தூண்களின்மேல் நிற்கும் பலகை வீடு. எதிர்ச்சாரியிலும் அதே மாதிரி ஒன்று. நடுவே பெரிய சாக்கடை. மழைக்காலத்தில் சாக்கடை எது, சந்து எது என்று தெரியாது. எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். எதிர்வீட்டில் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், ஆனால் பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாக்சிக் என்று அழைத்தோம். மலாய் பேசுகிற வீடுகளில் சித்தி, அத்தை எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். அவர் கணவர் தச்சர். மழை நாட்களில் வீட்டுப் படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் பள்ளி விடுமுறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மலாய் வராது. மாக்சிக்குக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனாலும் இருவரும் நல்ல சிநேகம், பலகாரத்தாலேயே பேசிக்கொள்வார்கள். மாக்சிக் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் பாயசம் அனுப்புவார். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கள் பக்கமும் அதுதான் முறை, அவர்கள் பக்கமும் அதுதான் முறை. அம்மா நான்கு நாள் கிண்ணத்தை அலமாரியில் வைத்திருந்து, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, ஒரு நல்ல நாளில் வடையோ சுண்டலோ போட்டுக் கொடுத்தனுப்புவாள். அவரவர் கிண்ணம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கணக்குத் தீர்ந்தது. பிறகு யாருக்குத் தோன்றுகிறதோ அவர் ஆரம்பிக்கலாம். இதில் கால் நனைவது மட்டும் என்னுடைய பங்கு.

"சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டிட்டா என்ன?" என்று ஒருநாள் பாவாடையைப் பிழிந்துகொண்டே கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நானும் அதத்தான் யோசிச்சுகிட்டிருந்தேன்" என்றான்.

இரண்டு பழைய சைக்கிள் ரிம் கிடைத்தது. டயர் இல்லாத ரிம்மில் கயிறு ஓட அளவாகப் பள்ளம் இருக்கும். ஒன்றை எங்கள் சன்னலிலும் மற்றதை மாக்சிக் சன்னலிலும் மாட்டினோம். அம்மாவின் துணிக்கொடியை அவிழ்த்து இரண்டையும் சுற்றி ஒரே வளையமாக முடிந்தோம். சுமை தாங்கக் கெட்டிக் கம்பி ஒன்றை மேலே இழுத்துக் கட்டினோம். அதில் ஒரு பெரிய பால்மாவு டின்னைத் தொங்கவிட்டோம். டின் வந்து சேர்ந்ததை அறிவிக்கச் சின்னப் பால் டின் ஒன்றில் கோலிக்குண்டு போட்டு மணியாகக் கட்டினேன். மணி முழுக்க முழுக்க என் கைவேலை.

முதல் சோதனையில் செங்கல் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சோதனையில் முட்டை புறப்பட்டது, ஓடு மட்டும் போய்ச் சேர்ந்தது. டின் பம்பரம்போல் ஆடுவதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, அடியில் அம்மிக்குழவியைக் கட்டலாம் என்றான் இஞ்சினியர். அம்மா கரண்டியோடு வந்தாள். ஆகவே குழவிக்குப் பதில் பழைய இரும்புப்பூட்டு ஒன்று கட்டப்பட்டது.

மூன்றாவது சோதனைக்கு அம்மாவே கொஞ்சம் சாம்பார் தந்தாள். டின் பாதி தூரம் கம்பீரமாகப் போனது. அந்த நேரம் பார்த்து ரொட்டிக்கார பாய் சைக்கிளைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். கொக்கி கழன்றது. பூட்டு, டின், சாம்பார் எல்லாம் அவர் ரொட்டிப் பெட்டியின்மேல் விழுந்தன. நாங்கள் இருவரும் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டோம். பாய் தோளில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி," என்று மேலே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். "சாம்பார் நல்லாத்தான் இருக்கு. உப்பு கொஞ்சம் தூக்கலு."

உப்பு தூக்கல் என்றதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று எங்களுக்கு விழுந்த அடியில் பாதி அந்த உப்புக்காக விழுந்தது.

இனிமேல் டின் கழன்றுவிடவே கூடாது என்று அண்ணன் சபதம் செய்தான். கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, டின்னை மெஷினோடு நிரந்தரமாகப் பிணைத்துவிட்டான். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. வெள்ளைக்கார இஞ்சினியர் எவனும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டான்.

முதல் வாரம் சொர்க்கம். அம்மா உளுந்து வடை அனுப்பினாள். கால்மணி நேரத்தில் மணி அடித்தது. டின்னில் வாழையிலை விரித்துத் தேங்காய்ப்பூ போட்ட பச்சை நிறப் பலகாரம். அம்மா சந்தோஷமாக எடுத்துக்கொண்டு டின்னைப் பார்த்தாள். டின் அங்கேயே தொங்கியது. எதிர்ச்சன்னலில் மாக்சிக் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் வந்து நிற்கும் பாத்திரத்தை வெறுமையாக எப்படித் திருப்புவது? அம்மா கேசரி கிளறினாள். மாக்சிக்கிடமிருந்து கிழங்குப் பாயசம் வந்தது. அம்மா சுண்டல் தாளித்தாள். நாங்கள் தின்று தின்று, சுதந்திரம் என்றால் இதுதான் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் அண்ணன் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டான்.

அப்பா பொதுப்பணி இலாகாவில் குமாஸ்தா. ஒரு சாயங்காலம் சன்னலருகே நின்று டின்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இந்த டின்னு யாரோடது?"

"மெஷினோடதுப்பா" என்றான் அண்ணன்.

"அப்ப இது வீடு போய்ச் சேரவே சேராது" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அம்மாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பக்கம் நிற்கும்போது அது அவர்கள் பாத்திரம். அவர்கள் பக்கம் நிற்கும்போது அது எங்கள் பாத்திரம். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாததால், எந்த வீட்டில் போய் நின்றாலும் விருந்தாளியாகத்தான் நிற்கும்.

மாதக் கடைசி வந்தது. அப்பாவின் சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள். ரவை டின்னின் அடியில் அம்மா கரண்டியால் சுரண்டும் சத்தம் காலையில் எங்களை எழுப்பியது. "நாளைக்கு அனுப்பிக்கலாமேம்மா" என்றேன். "எதிர்ல தொங்குதேடி. அவுங்க பாத்துகிட்டுல்ல இருக்காங்க. இந்த வீட்ல ஒண்ணுமில்லன்னு ஊர் முழுக்கச் சொல்லணுமா?" என்றாள். அம்மாவுக்கு எதையும் தாங்கும் மனசு. அது ஒன்றை மட்டும் தாங்காது.

முருங்கைக்கீரைப் பொரியல் போனது. வாழைப்பூ வந்தது. வாழைப்பூவையே ஆய்ந்து வடையாகத் தட்டி அம்மா திருப்பி அனுப்பினாள். அடுத்து வந்தது, சோற்றில் வாசனைக்குப் போடுகிற ரம்பை இலை ஒரு கட்டு. அம்மா ஊறுகாய் அனுப்பினாள். இரண்டு எலுமிச்சம்பழம் வந்தது. டின் போகிற வேகம் மட்டும் குறையவில்லை, அதற்கு எண்ணெய் வேறு போட்டிருந்தான் எங்கள் இஞ்சினியர்.

மறுநாள் காலை அம்மா கடைசிக் கைப்பிடி பச்சைப்பயறை வேகவைத்து, ஒட்டிக்கிடந்த வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பாயசம் செய்தாள். எல்லாவற்றையும் டின்னில் வழித்துப் போட்டாள். எங்கள் தட்டில் கஞ்சியும் உப்பும்.

"அம்மா, நமக்கு?"

"மொதல்ல அது போவட்டும்."

அப்புறம் பாயசச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கால் நனைகிறதே என்று நான் கண்டுபிடித்த மெஷின் என் அம்மாவைச் சட்டி கழுவிய தண்ணீர் குடிக்க வைத்துவிட்டது. அழுகை வந்தது. கயிற்றை அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாத்தியார் வந்தால் வரட்டும், நாடு வேறு இஞ்சினியரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மதியம் மணி அடித்தது. டின்னில் ஒரு துண்டு பூசணிக்காய். அம்மா எடுத்து உள்ளே வைத்தாள். சற்று நேரத்தில் அண்ணன் தூங்கிப்போனான். மழை விட்டிருந்தது. சமையலறைக் கத்தியைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே அம்மா நின்றிருந்தாள். அரிவாள்மணையைப் பலகையோடு தூக்கி, கயிற்றுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?"

"துணி காயப்போட கயிறு வேணும்" என்றாள், சூரியனைப் பார்த்து ஒரு வாரமான அந்த நாளில்.

எதிரே ஏதோ பளிச்சிட்டது. மாக்சிக் தன் சன்னலில் பாராங் கத்தியை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுப்பக்கக் கயிற்றுக்கு மேலே கத்தி ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. தேங்காய் வெட்டப் போகிறேன் என்று மலாயில் சத்தமாகச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் தேங்காய் ஒன்றும் தென்படவில்லை.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். முதலில் கத்தியைக் கீழே வைத்தது மாக்சிக்தான். உள்ளே போனார், ஒரு சீனி டின்னோடு வந்தார். அதைச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழையில் தச்சருக்கு வேலை கிடையாது.

அம்மா விருட்டென்று சமையலறைக்குப் போனாள். கோபம் என்று நினைத்தேன். ரவை டின்னோடு வந்து கவிழ்த்தாள். மாக்சிக் காப்பித்தூள் டின்னைக் கவிழ்த்தார். அம்மா பயறு டின். அவர் மாவு டின். அம்மாவின் வெல்லப் பானையிலிருந்து மட்டும் ஓர் எறும்பு விழுந்தது. மாக்சிக் அந்த எறும்பைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

சிரித்து முடித்து, டின்னைத் திறந்தாள். உள்ளே ஒட்டியிருந்த வாழையிலையை எடுத்துப் போட்டாள். டின்னைச் சுத்தமாகத் துடைத்து மூடினாள். பிறகு தானே கயிற்றை இழுத்தாள். மணிச் சத்தம் கேட்டு அண்ணன் எழுந்து ஓடிவந்தான்.

"என்னம்மா வச்சு அனுப்புற?"

"ஒண்ணும் வைக்கல" என்றாள் அம்மா, சந்து முழுக்கக் கேட்கும்படி. "காலியாத்தான் போவுது."

எதிரே மாக்சிக் அந்தக் காலி டின்னை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.