பயற்று ஈரல்

கோவிந்தம்மா ஏமாற்றுக்காரி இல்லை. ஒரகடம் ஊரே அப்படிச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவள் நான்.

புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தபோது அவள் மகள் கிளியம்மாள் கைக்குழந்தை. நாற்று நட்டாள், களை எடுத்தாள், பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்கினாள். கறி வேண்டும் என்று பிள்ளை அழுதால் பச்சைப்பயறை ஊறப்போட்டு, சோம்பும் மிளகாயும் வைத்துக் கெட்டியாக அரைப்பாள். இட்லிப் பானையில் வேகவைத்து, ஆறினதும் துண்டு போட்டு, மிளகு தூக்கலாக வறுப்பாள். பார்த்தால் ஆட்டு ஈரல்தான். வாழைப்பூவும் காராமணியும் சேர்த்து உருண்டை பிடித்தால் கறிக் கோலா உருண்டை தோற்றுப்போகும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கிளியம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இராமச்சந்திரனுக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் தாய்வீட்டில் வந்து தங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இருவரையும் அழைத்துப் போவார்கள். அது எங்கள் வழக்கம்.

கல்யாணக் கடனில் கறிக்கு எங்கே போவாள்? பயற்றைத்தான் ஊறப்போட்டாள். நானும் உட்கார்ந்து அரைத்தேன்.

நாள் குறித்தது மாப்பிள்ளையின் அம்மா முனியம்மாள். மகனுக்கு வாரலீவு என்றைக்கு என்று பார்த்தாளே தவிர, அன்றைக்குக் கிருத்திகை என்று பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. வழியெல்லாம் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி போவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

இலையில் ஈரலைப் பார்த்ததும் கத்தினாள். “இன்னாடி இது? கிருத்திகையும் அதுவுமா என் வூட்டு ஆம்பளைங்களுக்குக் கறி போடுறியா? முருகன் கண்ணு அவிஞ்சா போச்சு?”

கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “சம்பந்தியம்மா, சத்தியமா கறி இல்லீங்க. பயறுங்க. வாயில வெச்சுப் பாருங்க.”

முனியம்மாளின் புருஷன் தாண்டவராயன் ஒரு துண்டை எடுத்து மென்றார். “நல்லாத்தான் கீது. பயறுதான். பசிக்குது, சாப்பிடலாம் வா.”

“நீ சும்மா கெட.” முனியம்மாள் இப்போது சிரித்தாள். “டேய் ராமச்சந்திரா, பார்த்துக்கோடா. வேற நாளா இருந்தா பயறைத் தின்னுட்டு, ஈரல் சூப்பர்னு சொல்லிகினு போயிருப்போம். உன் மாமியாருக்கு நாமெல்லாம் கேனப்பசங்க.”

முனியம்மாள் இலையைத் தன் பக்கம் மடிக்காமல், சாவு வீட்டில் மடிப்பதுபோல் அந்தப் பக்கம் மடித்தாள். மகனையும் அப்படியே மடிக்கச் சொன்னாள். மடித்தான்.

“கறி வாங்குற வக்கு வந்ததும் சொல்லியனுப்பு. அதுவரைக்கும் உன் பொண்ணு இங்கியே கெடக்கட்டும்.”

மகனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் போனதும் கிளியம்மாள் தாயைக் கேட்டாள்: “ஏம்மா சொன்னே? கறின்னே நெனச்சிருந்தா திட்டிட்டு, என்னை இட்டுகினாவது போயிருப்பாங்க. உன் பயறைத் தின்னு தின்னுதான் நான் வளர்ந்தேன். வாழவும் வுடமாட்டியா?”

கோவிந்தம்மா தோட்டைக் கழற்றி விற்றாள். அடுத்த வாரலீவுக்குச் சொல்லியனுப்பினாள். நல்ல இளங்குட்டிக் கறி, நிஜ ஈரல். வந்தவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை.

“மொதல்ல நீ துன்னு காட்டு,” என்றாள் முனியம்மாள். “உன் கையை நம்ப முடியாது.”

புருஷன் செத்த நாளிலிருந்து கோவிந்தம்மா கறியைத் தொட்டதில்லை. கேன்டீனில் கொடுத்தால்கூட அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து மகளுக்குத்தான் போடுவாள். இது முனியம்மாளுக்கும் தெரியும், நான்தான் சம்பந்தம் பேசும்போதே சொல்லியிருந்தேன்.

“அத்தே, அம்மா சாப்பிடாதுத்தே,” என்று கிளியம்மாள் ஆரம்பித்தாள். புருஷன் ஒரு பார்வை பார்த்தான். நிறுத்திக்கொண்டாள்.

கோவிந்தம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

“இன்னொண்ணு,” என்றாள் முனியம்மாள்.

அதையும் தின்றாள். பிறகுதான் அவர்கள் சாப்பிட்டார்கள், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கிளியம்மாளைப் பஸ் ஏற்றிவிடத் தாய் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.